வெளியில் வாங்கிக்கொள்ளலாம்

போன மாதம், ஒப்பந்தம் எழுதப் பழகும் உங்களோடு பேச வந்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி கேட்டார்: "மிஸ், ஒப்பந்தத்தக் காப்பாத்துறத விட முறிக்கிறதுல லாபம் கூட இருந்தா என்ன செய்யணும்?" கேட்டுவிட்டுச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். பேக்கரிக் கந்தோரில் கணக்கும் கடிதமும் எழுதி முப்பத்து நான்கு வருடம் குந்தியிருந்த கிழவி, சொன்ன சொல் தவறக் கூடாது என்று ஒரு பிரசங்கம் வைப்பாள், கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம் என்று நினைத்திருப்பீர்கள். நான் "முறிக்கலாம்" என்றேன். சிரிப்பு நின்றது. அதற்குள் நேரமும் முடிந்துவிட்டது. மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், எழுதுகிறேன்.

நான் நாவலப்பிட்டிக்காரி. கண்டி நகரத்தில் ஒரு முஸ்லிம் முதலாளியின் பேக்கரியில் ஓடர் புத்தகம் எழுதச் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். அவர் வீடு கெலிஓயாவில். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலமும் சட்டச் சொற்களும் வரும் என்று கண்டதும், விடுதிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் தினமும் பாண் சுட்டுக் கொடுக்கும் ஒப்பந்தங்களை என் தலையில் கட்டிவிட்டார். தலையில் கட்டினார் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அது கிரீடம்.

அந்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் ஒரு வாசகம் இருக்கும். இப்போது நீங்கள் எழுதுகிறவற்றிலும் இருக்கிறது, நான் பார்த்தேன். பேக்கரி பாண் கொடுக்கத் தவறினால் வாங்குபவர் வெளியில் வாங்கிக்கொள்ளலாம், அதனால் கூடும் செலவைப் பேக்கரி ஏற்க வேண்டும். வாங்குபவரைக் காப்பாற்றத்தான் அதை எழுதுகிறார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பேக்கரிக்கும் அது ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

அந்தக் கதவைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று எனக்கு ஒரு மண்டைக்கனம். ஒரு பெரஹரா திருவிழாக் காலத்தில் ஊரெல்லாம் சனம். தேநீர்க் கடைக்காரர்கள் பணிஸ் கேட்டு வாசலில் நிற்கிறார்கள், என்ன விலை என்றும் கேட்கவில்லை. எங்கள் பணிஸ் முழுவதும் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போக வேண்டியது. நான் அந்த நிலையத்துக்கு விடிந்ததும் போன் செய்து, இன்றைக்கு எங்களால் முடியாது, பக்கத்துப் பேக்கரியில் வாங்குங்கள், வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம் என்றேன். அவர்கள் வாங்கினார்கள். நாங்கள் வித்தியாசத்தைக் கொடுத்தோம். அதன் பிறகும் எங்கள் கையில் மிஞ்சியது. பக்கத்துப் பேக்கரிக்கும் வியாபாரம், தேநீர்க் கடைக்கும் பணிஸ், பயிற்சி நிலையத்துக்கும் குறையில்லை. யாருக்கு நட்டம்? யாருக்கும் இல்லை. முறிப்பதில் பாவமே இல்லாத இடங்கள் உண்டு. இன்றும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு கலவரம் வந்தது. எந்தக் கலவரம் என்று கேட்காதீர்கள். எங்கள் வயதுக்காரர்களுக்குக் கலவரம் என்றால் ஒன்றுதான்.

முதல் நாள் மதியம் நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. பின்னேரம் ஊரடங்கு. அடுத்த நாளிலிருந்து காலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும் ஊரடங்கை எடுப்பார்கள், சனம் ஓடி வந்து கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடும். எங்கள் பேக்கரி தப்பியிருந்தது. வேலையாட்கள் ஒன்பது பேர் உள்ளேயே தங்கிவிட்டார்கள். நானும் பின்வளவில் இருந்த ஹாஜியாரின் தங்கை வீட்டில் படுத்துக்கொண்டேன். என் பெயர் கத்தோலிக்கப் பெயர், அதை வைத்துச் சிங்களமா தமிழா என்று யாரும் சொல்ல முடியாது. சிங்களமும் பிறந்த ஊரில் பழகிய சிங்களம். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அந்த வாரம் நான் கந்தோர்ப் பக்கமே தலைகாட்டியிருக்க மாட்டேன்.

குன்றின் மேல் ஒரு மாணவர் விடுதி இருந்தது. காலையும் இரவும் அங்கே எங்கள் பாண்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் தோட்டப்புறத்துப் பிள்ளைகளுமாக அறுபது பேர் வீட்டுக்குப் போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்தார்கள். வார்டன் யாழ்ப்பாணத்தவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எங்கள் பாண் நீளம் குறைகிறது என்று ஒருமுறை அடிமட்டத்தோடு வந்து கந்தோரில் வைத்து அளந்து காட்டிய மனுசன். எழுத்தில் இருந்தால் அது நடக்க வேண்டும், எழுத்தில் இல்லாவிட்டால் கடவுளே வந்து சொன்னாலும் நடக்கக் கூடாது. அவரைக் கண்டால் வேலையாட்கள் மா மூடைக்குப் பின்னால் ஒளிவார்கள்.

ஊரடங்கின் இரண்டாம் நாள் நான் ஹாஜியாருக்குப் போன் செய்தேன்.

"விடுதிக்குப் பாண் அனுப்ப ஏலாது ஹாஜியார். ட்ரைவர் வரல்ல. கதவடியில சனம் நெருக்குது. இங்க குடுக்காம வேன்ல ஏத்தினா கல்லெறிவாங்க. நாலு நாளைக்குத்தான் மா கையில இருக்கு."

"அப்ப அந்தப் புள்ளகளுக்கு?"

"ஒப்பந்தத்துல இருக்கே. வெளியில வாங்கிக்கட்டும். வித்தியாசத்த நாங்க குடுப்போம். அப்படிப் பாத்தாலும் நமக்கு மிச்சம்தான்."

"வெளியில எந்தக் கடை தொறந்தீக்கி?" என்று கேட்டார்.

"எங்கயாவது இருக்கும்."

"எனக்குத் தெரியா மகள். நீங்கதான் அங்கன ஈக்கிறீங்க. பாத்துச் செய்ங்கொ."

நான் பார்த்தது டைப்ரைட்டரை. அந்த விடுதியின் தொலைபேசி முதல் நாளே செத்துவிட்டது. நடந்து போனால் கால்மணி நேர ஏற்றம், ஊரடங்கு எடுத்த நேரத்தில் நான் போயிருக்கலாம். போகவில்லை. பயம் ஒரு காரணம். கடிதம் என்றால் சாட்சி இருக்கும் என்பது மற்றக் காரணம். கடிதத் தலைப்புத் தாளில் ஒன்பது வரி. இன்ன வாசகத்தின்படி, இன்றிலிருந்து மறு அறிவித்தல் வரை, தாங்கள் வெளியில் பாண் வாங்கிக்கொள்ளலாம், மேலதிகச் செலவை எமது பேக்கரி ஏற்கும். ஒரு பிழையில்லை. அன்றைக்குப் பாண் விசாரிக்க வந்த விடுதிச் சமையற்காரரிடம் கொடுத்தேன். அவர் சிங்களவர். கடிதத்தை வார்டனிடம் கொடுத்துவிட்டு வத்தேகமவில் இருக்கும் தன் பிள்ளைகளிடம் போகப் போவதாகச் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கதவடியில் நின்றவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள், ஆஸ்பத்திரித் தாதிமார் இருந்தார்கள். அவர்களுக்கும் பசிதான். அந்தப் பாண் வீணாகவில்லை. இதையெல்லாம் அன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஊரடங்கு எடுத்ததும் யன்னல் பலகையைத் தூக்கினேன். வரிசை சந்தி வரை போயிருந்தது. வரிசையோரமாக ஐந்தாறு பேர் தடியும் பொல்லுமாக உலாவினார்கள். பாண் வாங்க வந்தவர்கள் இல்லை. சந்தேகமாகத் தெரிந்த ஆம்பிளைகளிடம், தமிழரா என்று அறிய, பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவனை வரிசையிலிருந்து இழுத்து அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள். நான் கையை மட்டும் ஓட்டினேன், கண்ணை அந்தப் பக்கம் விடவில்லை.

இருபது பேருக்குப் பின்னால் ஒரு குடை தெரிந்தது. மழையில்லை. வெள்ளை முழுக்கைச் சட்டை, கண்ணாடி, கக்கத்தில் மடித்த இரண்டு சாக்கு. விடுதி வார்டன்.

விபூதியை அழித்துவிட்டுத்தான் வந்திருந்தார், ஆனால் வருடக்கணக்கில் பூசிய நெற்றியில் அந்த இடம் தனியாகத் தெரிந்தது. அவருடைய சிங்களம் எனக்குத் தெரியும். இரண்டு சொல் பேசினால் போதும், அந்தப் பொல்லுக்காரர்களுக்கு வேறு அட்டை தேவையில்லை. அவர் யன்னலுக்கு வந்தால் பேசித்தான் ஆக வேண்டும். பேசாமல் இரண்டு சாக்கு நிறையப் பாணை நான் நீட்டினால் வரிசையே கேள்வி கேட்கும். அவர் இடையில் விலகிப் போனாலும் அவர்கள் கவனிப்பார்கள். நான் பலகையை இறக்கினால் சனம் கத்தும், கலையும், அவர் நடு வீதியில் தனியாக நிற்பார்.

போறணை அடுப்புக்கு முன்னால் நின்ற பாஸிடம் மெதுவாகச் சொன்னேன். எங்கள் தலைமைப் பேக்கர் அவர், கம்பளைப் பக்கத்துச் சிங்களவர், எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எட்டிப் பார்த்தார். "எத்தனை பேருக்குப் பிறகு வாறார்?" என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். பக்கக் கதவுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

பதினைந்து பேர். பத்துப் பேர். நான் ஆறுதலாக, மெல்ல மெல்லக் கொடுக்கப் பார்த்தேன், வரிசை திட்டியது. வேகமாகக் கொடுத்தேன், அவர் கிட்ட வந்தார். பொல்லுக்காரன் ஒருவன் குடையைப் பார்த்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஏதோ கேட்டான். வார்டன் அவனைப் பார்த்தார், பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். என்னுடைய கடிதம். அதை அவனுக்குக் காட்டி விளக்கப் போகிறார் என்று விளங்கியது. எழுத்தில் இருக்கிறதல்லவா, அவருக்கு என்ன பயம்.

காலடியில் கிடந்த வெறும் மாச் சாக்கைத் தூக்கி அவர் முகத்தில் பட எறிந்தேன். மா பறந்தது. கண்ணாடி, சட்டை, நெற்றி எல்லாம் வெள்ளை.

"கிழட்டு மூதேவி, இப்பதானா வாற நேரம்? மா சலிக்க ஆளில்லாம அங்க நாறிக்கிடக்குது, நீ குடை பிடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறியா?" என்று சிங்களத்தில் கத்தினேன். அப்படி ஒரு குரல் என்னிடம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. சனம் சிரித்தது. வார்டன் வாயைத் திறந்தார். அதற்குள் பாஸ் வெளியே பாய்ந்து அவர் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி, கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கித் தன் சாரத்துக்குள் செருகினார்.

"யாரிவன்?" என்றான் பொல்லுக்காரன்.

"எங்க மா சலிக்கிறவன். காது கேக்காது. கேட்டாலும் விளங்காது," என்று பாஸ் சொன்னார். சொல்லிக்கொண்டே அவரைப் பக்கக் கதவால் உள்ளே தள்ளினார். பொல்லுக்காரன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் இரண்டு இறாத்தல் சூட்டுப் பாணை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எத்தனை பாண் கொடுத்தேன், யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

உள்ளே போனபோது வார்டன் மா மூடையின் மேல் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க அது மங்கியது.

"பிள்ளை, நான் வரிசையிலைதான் நிண்டனான். ஒருத்தரையும் தள்ளிக்கொண்டு வரேல்லை," என்றார்.

"சேர், நீங்க ஏன் வெளிய வந்தீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "நீங்கள்தானே எழுதினீங்கள், வெளியிலை வாங்கச் சொல்லி. மூண்டு பேக்கரிக்குப் போனன். ரெண்டு பூட்டிக் கிடக்கு, ஒண்டு எரிஞ்சு கிடக்கு. வெளியிலை எண்டு பார்த்தால் திறந்து கிடக்கிறது உங்கடை பேக்கரி மட்டும்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வது மாதிரிச் சொன்னார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பக்கத்துப் பேக்கரி திறந்திருக்கிற நாட்களுக்காக எழுதிய வாசகம் அது. வெளி என்று ஒன்று இருந்தால்தான் வெளியில் வாங்கலாம். ஊரே பூட்டிக் கிடக்கும்போது வித்தியாசத்தைத் தருகிறேன் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? எதற்கும் எதற்கும் இடையில் வித்தியாசம்? ஹாஜியார் ஒரே கேள்வியில் கேட்டது அதைத்தான்.

ஊரடங்கு திரும்ப விழ முக்கால் மணித்தியாலம் இருந்தது. யன்னலை மற்ற ஆளிடம் கொடுத்தேன். போறணையிலிருந்து வந்த கடைசித் தட்டுகளைப் பின்பக்கத்துச் சிறு ஒழுங்கையில் நின்ற வேனில் ஏற்றினோம். வார்டன் தட்டுகளுக்கு நடுவே தரையில் படுத்தார். மேலே சாக்குப் போட்டோம். சாக்கு அழுக்கு என்று அவர் சொன்னார், சத்தியமாகச் சொன்னார். பாஸ் ஓட்டினார். நான் முன்னால் இருந்தேன், ஒரு பெண் இருந்தால் கேள்வி குறையும் என்று.

குன்றில் ஏறும் வளைவில் மரக்குற்றியைக் குறுக்கே போட்டு நான்கு பேர் நின்றார்கள். ஒருவன் பின்கதவைத் திறந்தான். சுடச்சுடப் பாண் வாசம். "எங்க கொண்டு போறீங்க?" என்றான்.

"மேல இருக்கிற பொலிஸ்காரங்களுக்கு. நீயும் ரெண்டு எடு, ஆனா கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லாத," என்றார் பாஸ். அவன் இரண்டல்ல, ஆறு எடுத்தான். தட்டை அவன் இழுத்தபோது சாக்கு கொஞ்சம் விலகி ஒரு சப்பாத்து முனை தெரிந்தது. நான் இறங்கிப் போய், "தட்ட இழுக்காதீங்க தம்பி, பாண் நசுங்கிரும்," என்று சொல்லிக்கொண்டே சாக்கை இழுத்து மூடினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கதவைச் சாத்தினான்.

அந்த ஏற்றத்தில்தான் நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். இனிமேல் ஒரு ஒப்பந்தத்தை முறிப்பதென்றால், முதலில் வெளியே கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும். நல்ல பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். பாதிப் பாடம்தான் என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது.

விடுதிப் படலை வாசலில் வார்டனின் மனைவி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. மா அப்பிய கோலத்தில் அவர் வேனிலிருந்து இறங்கியதும் அந்த அம்மா கிட்ட வந்து கையைத் தொட்டுப் பார்த்தார், முகத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் கழுவ உள்ளே போனதும் எங்களோடு சேர்ந்து தட்டுகளைக் களஞ்சிய அறைக்குத் தூக்கினார்.

அறைக்குள் ஐந்து மூடை அரிசி அடுக்கியிருந்தது. பருப்பு மூடை ஒன்று. மூலையில் தேங்காய்க் குவியல்.

நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். "அம்மா, அரிசி இருந்திச்சா?"

"ஏன் இல்லை? ஒரு மாதத்துக்குப் போதும். நேற்று இரவும் இண்டைக்குக் காலமையும் பெடியளுக்குக் கஞ்சிதான் காய்ச்சிக் குடுத்தனான். கஞ்சி போதும், போகாதையுங்கோ எண்டு இவரிட்டை அழுதனான்."

"பிறகு ஏன் போனாரு?"

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். "கடிதம் வந்திட்டுது எண்டார். பிள்ளையளுக்குப் பாண் குடுக்க வேணுமெண்டு விதி, வெளியிலை வாங்கவும் பேக்கரி வழி சொல்லிப்போட்டுது, வழி இருக்கத்தக்கதாய் வாங்காமல் விட்டால் நாளைக்கு ஆர் பதில் சொல்றது எண்டு கேட்டார்." பிறகு என்னைப் பார்த்தார். "பாண் இல்லை எண்டு மட்டும் எழுதியிருந்தா, பிள்ளை, அவர் படலையைத் தாண்டியிருக்க மாட்டார்."

தம்பிமாரே, தங்கைமாரே, நான் முறித்ததைப் பற்றி அந்த அம்மா ஒரு சொல் சொல்லவில்லை. பாண் நின்றதை அவர்கள் பிழையாகவே எடுக்கவில்லை. ஊர் எரிகிறது, பாண் வராது, கஞ்சி காய்ச்சு, அவ்வளவுதான். என் பேக்கரிக்குப் பழி வராதபடி, நான் நல்லவளாகத் தெரியும்படி, சட்டத்துக்கு ஒத்து வரும்படி எழுதினேனே, அந்த ஒன்பது வரிதான் ஒரு மனிதனைப் பொல்லுகளுக்கு நடுவே அனுப்பியது. அதன் பிறகு வேலை செய்த வருடங்களில் இன்னும் நான்கு ஒப்பந்தங்களை முறித்திருக்கிறேன். நான்கிலும் லாபம் என்று தெரிந்துதான் முறித்தேன். ஒவ்வொரு முறையும் நேரில் போய், வாசகத்தைப் பற்றி வாயே திறக்காமல், "எங்களால் முடியாது, நாளைக் காலையில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் ஈடு பேசினேன். சில பேர் திட்டினார்கள். திட்டு வாங்கினேன்.

அன்றைக்கு வார்டன் முகம் கழுவி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தார். "எழுபத்தெட்டு இறாத்தல் பாண் பெற்றுக்கொண்டேன், ஒரு நாள் தாமதம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். பாஸ் நேரத்தைப் பார்த்தார், ஊரடங்கு விழ இருபது நிமிடம். புறப்படத் திரும்பினேன்.

அந்த அம்மா ஒரு கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். காலையில் காய்ச்சிய கஞ்சி, ஆறிப்போயிருந்தது. "காலமையிலையிருந்து ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டீங்கள். குடிச்சிட்டுப் போங்கோ," என்றார்.

நின்றுகொண்டே குடித்தேன். அழுகை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கினேன். உப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் அளவாக இருந்தது. அறுபது பிள்ளைகளுக்கும் அது தாராளமாகப் போதுமாக இருந்திருக்கும்.